மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்: பிக்மி பதிவிலிருந்து கடைசித் தவணை வரை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு தரும் உதவியை என் இரண்டு பிரசவங்களுக்கும் வாங்கியிருக்கிறேன். முதல் தடவை ஒரு தவணை கைவிட்டுப் போனது. அப்புறம் எங்கள் தெருவிலும் மகளிர் குழுவிலும் பல பெண்களுக்குத் துணையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேங்குக்கும் நடந்திருக்கிறேன்.

ஒரு தடவை படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டால் பணம் தானாக வந்துவிடும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். படிவம் தொடக்கம் மட்டும்தான். ஒவ்வொரு தவணையும் கிராம சுகாதார செவிலியர் (நாம் சொல்லும் நர்ஸம்மா) பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் ஏற்றும் ஒரு பதிவைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படுகிறது. எந்தத் தேதியில் எந்தப் பதிவு ஏற வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. 18,000 எப்படிப் பிரிந்து வருகிறது

14,000 ரூபாய் பணமாக வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் கொடுப்பார்கள். முன்பு பணம் ஐந்து தவணையாக வந்தது. 2024-இல் அதை மூன்றாகக் குறைத்தார்கள்.

கர்ப்பத்தின் 4-ஆம் மாதத்தில் 6,000. குழந்தை பிறந்து 4 மாதம் ஆனதும் 6,000. குழந்தையின் 9-ஆம் மாதத்தில் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் 3-ஆம் மாதத்திலும் 6-ஆம் மாதத்திலும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மூத்த பிள்ளைக்கு ஐந்து தவணையாக வாங்கிய அக்கா, இப்போது கர்ப்பமாக இருக்கும் தங்கைக்குப் பழைய கணக்கையே சொல்கிறார். பிரசவம் ஆனதும் பணம் வரவில்லையே என்று தங்கை தவிக்கிறாள். இப்போதைய கணக்கில் அந்தப் பணம் வர நான்கு மாதம் ஆகும். பிரசவச் செலவுக்கு இதை நம்பிக் கடன் சொல்லி வைக்காதீர்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா திட்டம் தமிழ்நாட்டில் இதோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு 5,000 தனியாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. யாருக்குக் கிடைக்கும்

தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 

அரசு மருத்துவமனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நம்பி வரும் குடும்பங்களை நினைத்துப் போட்ட திட்டம் இது. பிரசவத்தைத் தனியாரில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள், முடிவெடுப்பதற்கு முன்பே நர்ஸம்மாவிடம் கேட்டுவிடுங்கள். பிரசவம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

3. முதல் வேலை: 12 வாரத்துக்குள் பதிவு

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பேங்க் பாஸ்புக் இல்லை, ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்று எதற்காகவும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பேங்க் தவறை அடுத்த மாதம் சரிசெய்யலாம். கடந்துபோன வாரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை விஷயத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம், கரு தங்குமா என்ற பயம். பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். நர்ஸம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடிந்து சொல்லலாம் என்று இருந்தால் 12 வாரம் போயே போய்விடும். கரு தங்குமா என்று பயப்படுபவர்களுக்குத்தான் சீக்கிரம் பரிசோதனை வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

வாரத்தை எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்த தேதியிலிருந்து நாம் எண்ணுவோம். அங்கேயே நாலு வாரம் பிசகிவிடும். "இப்பதானே ரெண்டு மாசம்" என்று சொல்லிக்கொண்டு வந்த பெண்ணுக்கு அட்டையில் 11 வாரம் என்று எழுதியதை நேரில் பார்த்தேன். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் கெடு தாண்டியிருக்கும். கடைசி மாதவிலக்குத் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

பதிவு செய்ய உங்கள் பகுதி துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 102 எண்ணுக்குப் போன் செய்தும் முன்பதிவு செய்யலாம். ஆனால் போனில் சொன்னதோடு விட்டுவிடாமல் நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் ஆதார், கணவரின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதாரோடு இணைத்த செல்போன். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ். போன் கணவர் கையில் வேலைக்குப் போயிருந்தால் ஓடிபி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பதிவு முடிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். இதைத்தான் பிக்மி நம்பர் என்கிறோம். தாய் சேய் நல அட்டையில் அதை எழுதித் தருவார்கள். எழுதியதும் எண்ணிப் பாருங்கள், 12 இலக்கம் இருக்கிறதா என்று. ஒரு எண் விட்டுப்போன அட்டையோடு பிரசவ வார்டில் நின்றவர்கள் இருக்கிறார்கள். இந்த எண் பண உதவிக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் கேட்பார்கள். அட்டையைப் படம் எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. அதே வாரத்தில் பேங்க் கணக்கு

கணக்கு தாயின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். கணவரோடு சேர்ந்த கணக்கோ மாமியார் கணக்கோ வேண்டாம். 

நான் தவணையைத் தொலைத்தது இங்கேதான். கல்லூரியில் படித்தபோது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு. ஆறு வருடமாக அதில் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை, எடுத்ததில்லை. பாஸ்புக் கையில் இருக்கிறதே என்று அதன் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டேன். இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கைப் பேங்க் செயல்படாத கணக்காக மாற்றிவிடும் என்பது அப்போது தெரியாது. பணம் போய் முட்டித் திரும்பியது. அது தெரியவரும்போது குழந்தை உட்காரத் தொடங்கியிருந்தது.

அதனால் இதைச் செய்யுங்கள். பழைய கணக்கு என்றால் பேங்குக்குப் போய் 100 ரூபாய் போடுங்கள், 50 ரூபாய் எடுங்கள், பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள். இயந்திரம் அந்த இரண்டு வரியையும் அடித்துத் தந்தால் கணக்கு உயிரோடு இருக்கிறது. கேஒய்சி (உங்கள் அடையாள விவரம்) புதுப்பிக்கச் சொன்னால் அன்றே ஆதார் நகல் கொடுத்து முடித்துவிடுங்கள்.

பாஸ்புக்கில் அச்சடித்த ஐஎஃப்எஸ்சி எண்ணையும் (பேங்க் கிளையைக் குறிக்கும் எண்) பாருங்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்கோடு சேர்ந்தது, சிண்டிகேட் கனராவோடு, ஆந்திரா பேங்கும் கார்ப்பரேஷன் பேங்கும் யூனியன் பேங்கோடு. அதற்கு முந்திய வருடம் விஜயா பேங்க் பரோடாவில் சேர்ந்தது. பீரோவில் இருக்கும் பழைய பாஸ்புக்கில் பழைய எண்தான் இருக்கும். புதுப் பாஸ்புக் கேட்டு வாங்கி அதைக் கொடுங்கள்.

கடைசியாக ஆதார் இணைப்பு. ஒரே ஆதாரை இரண்டு மூன்று பேங்கில் கொடுத்திருப்போம். ஆனால் ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். கடைசியாக எந்தப் பேங்கோடு இணைத்தீர்களோ அது. ஆதார் இணையதளத்தில் 'மை ஆதார்' பகுதிக்குள் போனால் எந்தப் பேங்க் இணைந்திருக்கிறது என்று காட்டும். பல பெண்கள் பணம் வரவில்லை என்று ஒரு பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அலைய, பணம் அவர்கள் மறந்தே போன வேறு கணக்கில் பத்திரமாக இருக்கும்.

5. பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி

இனிஷியல் நமக்குப் பெரிய தொல்லை. ஆதாரில் 'கவிதா ராஜேந்திரன்', பாஸ்புக்கில் 'ஆர். கவிதா', அட்டையில் கணவர் இனிஷியலோடு 'ம. கவிதா'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர்.

ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேங்கிலும் பதிவிலும் இருக்கட்டும். நர்ஸம்மா பெயர் எழுதும்போது வாயால் சொல்லாமல் ஆதாரை எடுத்துக் காட்டுங்கள்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் பலர் கர்ப்பமானதும்தான் ஆதாரில் கணவர் பெயரையும் முகவரியையும் மாற்ற ஓடுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். நடுவில் பெயரை மாற்றினால் பேங்கில் ஒன்று, பதிவில் ஒன்று என்று ஆகிவிடும். மாற்றுவதென்றால் பதிவுக்கு முன்பே மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசித் தவணை வந்தபின் மாற்றுங்கள். ரேஷன் கார்டு வேறு கதை. பிறந்த வீட்டு கார்டில் பெயரை நீக்கி, கணவர் வீட்டு கார்டில் சேர்க்கும் வேலையை உடனே தொடங்குங்கள், ஏனென்றால் அது இழுக்கும்.

6. செவ்வாய்க்கிழமை செக்கப்பும் முதல் தவணையும்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். ரத்தம், எடை, பிபி எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுவார்கள். அட்டையில் எழுதுவது ஒரு வேலை, கணினியில் ஏற்றுவது இன்னொரு வேலை. ஒரு நர்ஸம்மா பல ஊர்களைப் பார்க்கிறார். வேலைச்சுமையில் ஏற்றுவது தள்ளிப்போவது உண்டு. "சிஸ்டர், இந்த மாச செக்கப் ஆன்லைனில் ஏத்தியாச்சுங்களா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். கோபமாகக் கேட்டவர்களைவிடப் பொறுமையாகக் கேட்டவர்களுக்குத்தான் வேலை நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே தனியார் டாக்டரிடம் ஸ்கேன் எடுத்தாலும் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டிப் பதியச் சொல்லுங்கள். இங்கே பதியாத செக்கப், பணத்தைப் பொறுத்தவரை நடக்காத செக்கப்.

பெட்டகத்தில் சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், புரத பிஸ்கட், ஆவின் நெய் எல்லாம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிஸ்கட் பிள்ளைகளுக்கும் நெய் சமையலுக்கும் போய்விடுகிறது. ரத்தசோகை இல்லாமல் நீங்கள் பிரசவத்தைத் தாண்ட வேண்டும் என்றுதான் இதைக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து நீங்களே சாப்பிடுங்கள். உள்ளே பூச்சி மாத்திரை இருந்தால் நர்ஸம்மா சொல்லும்போது மட்டும் போடுங்கள்.

கரு கலைந்துவிட்டால், அந்த வேதனையிலும் வீட்டில் யாராவது ஒருவர் நர்ஸம்மாவுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அந்தப் பதிவு முறையாக முடிக்கப்படாமல் கிடந்தால் அடுத்த தடவை பதியும்போது குழப்பம் வரும்.

7. தாய் வீட்டுக்குப் போகும்போது

அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில். கணவர் ஊரில் பதிவு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். பிரசவம் அந்த ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில். குழந்தைக்கு மூன்று மாதம், ஐந்து மாதம் ஆன பிறகுதான் கணவர் வீடு. இதற்குள் பிரசவம், முதல் தடுப்பூசிகள், இரண்டாம் தவணைக்கான காலம் எல்லாமே கடந்துவிடும். இங்குள்ள நர்ஸம்மாவுக்கு அங்கு நடந்தது தெரியாது. அங்குள்ளவருக்கு இவர் யாரென்றே தெரியாது.

செய்ய வேண்டியது மூன்று. கிளம்புவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் எந்த ஊர் போகிறேன், எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று சொல்லி அவர் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையைத் துணிப்பையில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். அம்மா வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டுங்கள்.

அங்கே புதிதாக ஒரு பதிவு போட மட்டும் விடாதீர்கள். "இந்த ஊர் ஆளா? சரி, புதுசா போட்டுடலாம்" என்று யாராவது தொடங்கினால், "சிஸ்டர், எனக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு" என்று 12 இலக்க எண்ணைக் காட்டுங்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு எண் வந்தால், முதல் தவணை ஒரு எண்ணில் இருக்கும், பிரசவம் இன்னொரு எண்ணில் இருக்கும். எந்த எண்ணும் முழுமையாக இருக்காது. இதைச் சரிசெய்ய நான் துணைக்குப் போன ஒரு பெண், கைக்குழந்தையோடு இரண்டு மாவட்டத்துக்கு நடுவே நான்கு தடவை பஸ் ஏறினாள்.

8. பிரசவ வார்டில் விடக்கூடாத இரண்டு விஷயங்கள்

ஒன்று, பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே விவரம் அனுப்புவார்கள். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் முன், தாய் தந்தை பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஆதாரில் உள்ளபடி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதுபவரிடம் ஆதார் ஜெராக்ஸையே கொடுத்துவிடுவது நல்லது. குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளாதீர்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

இரண்டு, ஜனனி சுரக்ஷா திட்டப் பணம். இது 18,000-க்கு வெளியே. அரசு மருத்துவமனையில் பிரசவித்த, தகுதியுள்ள தாய்க்குக் கிராமத்தில் 700 ரூபாய், நகரத்தில் 600. சின்னத் தொகைதான். கேட்காமல் வந்துவிடுபவர்கள் நிறைய. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் பாஸ்புக் நகலையும் கொடுத்துவிட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். வீடு திரும்ப 102 வண்டி இலவசம்.

9. தடுப்பூசியோடு கட்டிய இரண்டு தவணைகள்

பிறந்தபின் வரும் பணம் தடுப்பூசிப் பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில். மூன்றாவது ஊசி முடியும்போதுதான் ஏறக்குறைய நான்காம் மாதம் வரும். அப்புறம் 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, கடைசித் தவணை அதை ஒட்டி.

ஊசி போடும் நாள் புதன்கிழமை. குழந்தைக்குச் சளி, ஊரில் திருவிழா என்று ஒரு புதன் தவறினால் அடுத்த புதனே போய்விடுங்கள். ஒரு ஊசி தள்ளினால் அடுத்ததும் தள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவே நான்கு வார இடைவெளி வேண்டும். லேசான சளிக்காக ஊசியைத் தள்ள வேண்டியதில்லை. எதற்கும் அங்கேயே காட்டிக் கேளுங்கள்.

தனியாரில் ஊசி போட்டவர்கள் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து பிக்மி எண்ணில் ஏற்றச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு மட்டும் தனிப் புத்தகம் வைத்து, பழைய தாய் சேய் அட்டையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. 9 மாதம் முடியும்வரை அந்த அட்டை பத்திரம்.

10. பணம் வரவில்லை என்றால்

தவணைத் தேதி தாண்டி ஒரு மாதம் பொறுங்கள். அப்புறம் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் ஆதார் இணைந்த பேங்கில் பாஸ்புக் பதிவு போடுங்கள். குறுஞ்செய்தி வராததால் பணம் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே இல்லை என்றால் நர்ஸம்மாவிடம், உங்கள் எண்ணில் எந்தப் பதிவு ஏறவில்லை என்று கேளுங்கள். பதிவு ஏறியிருந்தால், பணம் அனுப்பித் திரும்பியதா என்று வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். திரும்பியிருந்தால் பேங்க் விவரத்தைத் திருத்திக் கொடுக்கலாம். இதற்கும் நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100, அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவில் பிக்மி எண், எந்தத் தவணை, என்ன தேதியில் யாரைப் பார்த்தீர்கள் என்று மூன்றும் இருக்கட்டும். 'பணம் வரவில்லை' என்று மட்டும் எழுதிய மனு சுற்றிச் சுற்றித் திரும்பி வரும்.

நடுவில் ஒரு போன் வரலாம். "மகப்பேறு பணம் அனுப்புகிறோம், லிங்க்கை அழுத்துங்கள், பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்க பின் நம்பரோ ஓடிபியோ தேவையே இல்லை. போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். இந்தப் பணத்தில் யாருக்கும் பங்கும் கிடையாது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

11. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

வேலைக்குப் போகும் பெண், சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டு என்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தை ஈஎஸ்ஐ தரும். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். மில்லிலும் கார்மென்ட்ஸிலும் வேலை செய்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் வேலையை விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் சந்தா நாளை எண்ணிப் பாருங்கள்.

பிறந்தது பெண் குழந்தை என்றால் முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000, குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போடுவார்கள். 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது, வருமான வரம்பும் உண்டு. ஒரே பெண் என்றால் அந்தக் குழந்தைக்கும், இரண்டு பெண் என்றால் இளையவளுக்கும் 3 வயது முடிவதற்குள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானம், இருப்பிடம், ஆண் வாரிசு இல்லை என்று சான்றிதழ்கள் வாங்கவே ஒன்றிரண்டு மாதம் போகும். ஆகவே இரண்டாவது பிறந்தநாள் முடிந்த கையோடு தாலுகா ஆபீஸ் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.